நண்டோடைக்கு விழுந்த பூஜ்யம்

எங்கள் ஆய்வு நிலையத்தில் மின்விசிறி ஒன்றுதான். அது கம்ப்யூட்டருக்கு. நிலையப் பொறுப்பாளர் கோபால் சார் பழைய பைல் அட்டையால் விசிறிக்கொள்வார். யாருக்கு மதிப்பு அதிகம் என்பதில் அங்கே யாருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

நேற்று மாலை உங்கள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன். சைக்கிள் காணாமல் போய்விட்டதா என்று ஏட்டு கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன். ஆடா என்றார். அதற்கும் தலையசைத்தேன். பேசச் சொன்னால் எனக்கு வராது. நீங்கள் காகிதமும் பேனாவும் கொடுத்தீர்கள், நன்றி. எழுதச் சொன்னால் ஒழுங்காக எழுதுவேன்.

பெயர் தெய்வநாயகி. வயது இருபத்து மூன்று. ஊர் காட்டூர். நைனா செங்கல்வராயன் இரண்டு ஏக்கரில் நெல் வைக்கிறார். நான் பொன்னேரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தேன். செய்முறைத் தேர்வில் கேள்வி கேட்ட ஆசிரியர், எனக்குத் தொண்டை கட்டியிருப்பதாக அவராகவே முடிவு செய்து மார்க் போட்டார். நல்ல மனிதர்.

நிலையம் பழவேற்காட்டில் கரையோரம் இருக்கிறது. வெளிநாட்டு உதவியில் வந்த திட்டம். ஏரியில் பத்து இடங்களில் தண்ணீர் எடுத்து, உப்பு, சூடு, ஆக்சிஜன் மூன்றையும் அளந்து, அந்த வாரம் எங்கே இறால் சேரும், எங்கே சேராது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். தண்ணீர் எடுத்து அளப்பவர் ஆபிரகாம். கணக்குப் போடுவது கம்ப்யூட்டர். அதற்கு எண்களை ஊட்டுவது நான். கையெழுத்துப் போடுவது கோபால் சார்.

கம்ப்யூட்டர் பெரிய பெயருள்ள ஓர் அமெரிக்கக் கம்பெனியுடையது. ஒரு வாரத்துக் கணக்கை முடிக்க அதற்கு ஒன்பதரை மணி நேரம் வேண்டும். எங்கள் ஊரில் ஒன்பதரை மணி நேரம் சேர்ந்தாற்போல் மின்சாரம் இருந்தால் அன்றைக்குத் திருவிழா. பாதியில் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இடையில் சேமித்து வைக்கும் வசதியை நிரலை எழுதியவர் வைக்கவில்லை. அவர் ஊரில் மின்சாரம் போவதில்லை போலும்.

இப்படி எட்டு மாதம் ஒரு கணக்கும் முடியவில்லை. "கணிப்பு நடைபெற்றுக்கொண்டிருக்கிறது" என்று கோபால் சார் மாதாமாதம் சென்னைக்கு எழுதினார். அது பொய்யில்லை. எட்டு மாதமும் நடைபெற்றுக்கொண்டுதான் இருந்தது.

கம்ப்யூட்டரோடு பெட்டியில் பழைய வெளிநாட்டுப் பத்திரிகைகள் சில வந்திருந்தன, அடியில் அடைப்புக்காக. அவற்றை நான் படித்தேன். கம்ப்யூட்டரின் வேகத்தைத் தீர்மானிப்பது கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு தகரக் குப்பி. உள்ளே குவார்ட்ஸ் கிரிஸ்டல் இருக்கிறது. அது துடிக்கும் வேகத்தில் எல்லாம் ஓடும். எங்களுடையது ஆறு மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு அறுபது லட்சம் துடிப்பு. குப்பியைப் பிடுங்கிவிட்டு வேகமானதைச் செருகினால் தொண்ணூறு லட்சம். ஒன்பதரை மணி நேர வேலை ஆறு மணி இருபது நிமிடத்தில் முடியும்.

நைனாவிடம் நோட்டு வாங்க என்று சொல்லிவிட்டுச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். கடையில் பேச வேண்டாம் என்று சீட்டில் எழுதி நீட்டினேன். கடைக்காரர் சைகையிலேயே விலை சொன்னார்.

குப்பியை மாற்றினால் கம்ப்யூட்டர் இரண்டு முறை பீப் என்று கத்திவிட்டு நின்றுகொண்டது. காரணம் பயாஸ். கம்ப்யூட்டர் கண் விழித்ததும் முதலில் படிக்கும் சிறு நிரல் அது. கம்பெனிக்காரர்கள் அதை மாற்ற முடியாதபடி சிப்பில் பதித்தே அனுப்பியிருந்தார்கள். அது ஒரு சின்ன வேலையைச் செய்துபார்த்து எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணும். வேலை சீக்கிரம் முடிந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள், உடனே கதவைச் சாத்திவிடும். வேலையைச் சீக்கிரம் முடித்தால் தண்டிக்கும் இடம் அரசு அலுவலகம் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

ஆனால் பயாஸ் கண் விழிக்கும்போது மட்டும்தான் சோதிக்கும். எங்கள் கல்லூரி விடுதி வாட்ச்மேனும் அப்படித்தான், உள்ளே போகும்போது பெயர் கேட்பார், பிறகு திரும்பிப் பார்க்க மாட்டார். எனவே பழைய குப்பியையும் புதிய குப்பியையும் ஒரு சிறிய சுவிட்சில் பற்றவைத்துப் பெட்டியின் பின்பக்கத்தில் பொருத்தினேன். பழையதில் எழுப்புவேன். பயாஸ் திருப்தி அடைந்து ஒதுங்கியதும் சுவிட்சைத் தள்ளுவேன். சில நாள் திகைத்து நின்றுவிடும். மறுபடி எழுப்புவேன். வேகமாக ஓடும்போது சூடாகும். அதற்காகத்தான் விசிறியை அதன் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்தேன்.

முதல் வாரம் மாலை நான்கு மணிக்குக் கணக்கு முடிந்து காகிதம் வெளியே வந்தது. கோபால் சார் அதைக் கையில் வாங்கிக்கொண்டு, "மிஷின் இப்பதாம்மா நம்ம தண்ணிக்குப் பழகியிருக்கு" என்றார். நான் திருத்தவில்லை.

கணிப்பை ஏலக் கொட்டகைச் சுவரில் ஒட்டினார்கள். ஆறு வாரம் சொன்னபடியே நடந்தது. எந்த ஓடையில் இறால் என்று இருந்ததோ அங்கே இறால் இருந்தது. ஏழாவது வாரத்துக்குள் ஜனங்கள் நிலையத்துக்கு வர ஆரம்பித்தார்கள். காணாமல் போன நங்கூரத்தைப் பற்றி ஒருவர் கேட்டார். ஓர் அம்மாள் மருமகள் வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று கேட்டார்.

"உப்பு எவ்ளோன்னு தெரிஞ்சா சொல்லிடும். ஒரு பாட்டில் தண்ணி எடுத்தாம்மா" என்றார் ஆபிரகாம்.

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தூ, ஒன் மூஞ்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன எதையும் யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லை. முதல் முறையே காதில் விழுந்திருக்காது. இப்போது நான் அச்செடுத்த காகிதத்தை வைத்துக்கொண்டு நாற்பது ஆண்கள் எங்கே படகு விடுவது என்று முடிவு செய்தார்கள். இதை எழுதக் காரணம், நான் பெருமைக்காகச் செய்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி இல்லை.

இனிப் பாடு பற்றி எழுத வேண்டும். உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் மேலே அனுப்பும்போது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஏரியில் நல்ல மீன்பிடி இடத்துக்குப் பாடு என்று பெயர். அந்த இடத்தில் ஒரு நாள் ஒரு குழுதான் வலை போடலாம். வரிசையை வருடத்துக்கு ஒரு தடவை சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். உங்கள் நாளை நீங்கள் விட்டால் விட்டதுதான், வட்டம் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். நீங்கள் போகாவிட்டாலும் உங்கள் நாளில் இன்னொருவர் வலை இறக்கக் கூடாது. பாடு அன்றைக்குச் சும்மா கிடக்கும்.

நண்டோடைப் பாடு இருப்பதிலேயே நல்லது. எங்கள் காட்டூர் வயல்களின் வடிகால் ஏரியில் விழும் இடம் அது. இந்த இறால் பருவத்தில் தருமலிங்கத்தின் குழுவுக்கு அங்கே இரண்டே நாள் விழுந்திருந்தது. பதினான்கு வீடு அவர் குழுவில். முதல் நாள் காற்றில் போய்விட்டது. இரண்டாவது பிப்ரவரி பதினெட்டு, அமாவாசைக்கு மறுநாள். அதைவிட நல்ல நாள் கிடைக்காது.

பிப்ரவரி பதினைந்தாம் தேதி கணக்கு ஓடிக்கொண்டிருந்தபோது சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். ஏரியின் நிலவரம் அறிய வந்தவர், மதியம் அதை வறுவலாகவும் தொக்காகவும் அறிந்துகொண்டார். வியர்க்கிறது என்றார். கோபால் சார் என்னைக் கேட்காமல் விசிறியைத் தூக்கிக்கொண்டு போனார். இரண்டரை மணி நேரம் கழித்துத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். பெட்டியின் மேல் கை வைத்துப் பார்த்தேன். தோசை வார்க்கலாம். ஆனால் கணக்கு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. நான்கரைக்குக் காகிதம் வந்தது.

பதினெட்டாம் தேதி, நண்டோடை: ஆக்சிஜன் பூஜ்யம். உயிரினம் முழுவதும் இறக்கும்.

கோபால் சார் கையெழுத்துப் போட்டார். பதினாறாம் தேதி காலை ஒட்டினார்கள். பத்து மணிக்குத் தருமலிங்கம் நிலையத்துக்கு வந்தார். கோபால் சாரைப் பார்க்கவில்லை. நேராக என் மேஜைக்கு வந்து நின்றார்.

"பாப்பா, எனுக்கு இந்த சீசன்ல மிச்சம் கீறது ஒரே நாளு. பதினாலு ஊடு என் மூஞ்சியப் பாத்துக்கினு கீது. வல கட்டி, ஆள் கூட்டி, செத்த எறாலுக்குப் போயி நிக்க முடியாது. போவாம வுட்டு, எறால் உசுரோட இருந்துச்சுன்னா பசங்க என்னிய ஏரிலயே அமுக்கிடுவானுங்க. நீ சொல்லு. காயிதம் நெஜந்தான?"

அவர் காத்திருந்தார். நான் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்தாலும் காத்திருப்பார் போலத் தெரிந்தது. யாரும் எனக்காக அப்படி நின்றதில்லை.

ஆமாம் என்று தலையசைத்தேன்.

"ஆவட்டும்" என்றார். போகவில்லை என்று பஞ்சாயத்தில் சொல்லிவிட்டார்.

அன்று மதியம் சும்மா இருக்காமல் காகிதத்தை மறுபடி பார்த்தேன். நண்டோடைக்கு முந்திய நாள் ஆக்சிஜன் ஆறு. பிந்திய நாள் ஆறு. பக்கத்து ஓடையில் அதே நாள் ஐந்தே முக்கால். நடுவில் ஒரு பூஜ்யம். ஏரி ஒரு நாள் மட்டும் ஒரே இடத்தில் மூச்சு விடாமல் இருந்துவிட்டு மறுநாள் ஒன்றும் நடக்காததுபோல் விடாது. லாக் டேபிளை வைத்து அந்த ஓர் எண்ணை மட்டும் மூன்று மணி நேரம் கையால் போட்டுப் பார்த்தேன். ஐந்து புள்ளி எட்டு வந்தது. பெட்டி சூடானதில் ஓர் எண் விழுந்துவிட்டது. விசிறி இல்லாத அந்த இரண்டரை மணி நேரத்தில்.

ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்ல முயன்றேன். ஏலக் கொட்டகை வரை நடந்தேன். சொல்ல வேண்டியது மூன்றே வார்த்தை: கணக்கு தப்பாப் போச்சு. வழி முழுவதும் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கொட்டகையில் நாற்பது பேர் இருந்தார்கள். ஒருவர் திரும்பி, "இன்னா பாப்பா?" என்றார். நாற்பது பேரும் திரும்பினார்கள். நான் சுவரில் இருந்த காகிதத்தின் ஓரம் கிழிந்திருந்ததைத் தடவி ஒட்டிவிட்டுத் திரும்பி வந்தேன்.

எழுதி ஒட்டியிருக்கலாமே என்பீர்கள். ஒட்டினால் ஏன் தப்பு என்று கேட்க வருவார்கள். கோபால் சார் கம்பெனி எஞ்சினியரைக் கூப்பிடுவார். அவர் பெட்டியைத் திறப்பார். சுவிட்சைப் பார்ப்பார். கம்ப்யூட்டர் மறுபடி ஆறு மெகாஹெர்ட்ஸுக்குப் போகும். ஒரு கணக்கும் முடியாது. அது யாருக்கும் நல்லதில்லை.

கல்லூரி ஆய்வகத்தில் நாங்கள் எல்லோரும் செய்ததுதான். கடைசியில் என்ன விடை வர வேண்டும் என்று சீனியர் நோட்டில் இருக்கும். ஊசல் சரியாக ஆடாது, கடிகாரம் ஓடாது. விடையிலிருந்து பின்னோக்கிப் போய் அளவுகளை நிரப்புவோம். ஆசிரியருக்கும் தெரியும், அவரும் அப்படித்தான் படித்தவர். கணக்கும் அளவும் பொருந்தாவிட்டால் இரண்டில் ஒன்றை மாற்ற வேண்டும். கணக்கை மாற்ற நாற்பது பேர் முன்னால் பேச வேண்டும். ஏரியை மாற்ற யாரிடமும் பேச வேண்டியதில்லை.

வீட்டு மாட்டுக் கொட்டிலில் நெல்லுக்கு அடிக்கும் பூச்சி மருந்து இருந்தது. எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டேன். அதைக் கையால்தான் போட்டேன், தப்பு வரக் கூடாதென்று. பதினேழாம் தேதி அரைநாள் லீவு எழுதிக் கொடுத்தேன். மாலை ஐந்து மணிக்கு வடிகால் மதகுப் பக்கம் யாரும் இல்லை. பலகையைத் தூக்கினேன், ஊற்றினேன், பலகையை இறக்கினேன். பாத்திரத்தை மூன்று முறை மண் போட்டுத் தேய்த்தேன். வேறு யாரும் தெரியாமல் எடுத்துவிடக் கூடாதல்லவா.

தருமலிங்கத்துக்காகத்தான் செய்தேன் என்பதை இங்கே சொல்ல வேண்டும். தன் நாளை என் தலையசைப்புக்காக விட்டவர். இறால் உயிரோடு இருந்தால் பதினான்கு வீட்டார் முன்னால் அவர் முட்டாளாக நிற்பார். எனக்கு அது தாங்காது.

பதினெட்டாம் தேதி காலை எட்டு மணிக்கு நண்டோடையில் இறால் மல்லாந்து கிடந்தது. ஊரே கரையில் வந்து நின்றது. தருமலிங்கம் நேராக நிலையத்துக்கு வந்தார். கையில் தேங்காய். வாசலில் உடைத்தார். கம்ப்யூட்டருக்குக் குங்குமம் வைக்க வேண்டும் என்றார். கோபால் சார் திரையில் வைக்கக் கூடாது, பெட்டியில் வைக்கலாம் என்று அனுமதி கொடுத்தார்.

ஒன்பதரைக்கு மூன்று பெண்களை நண்டோடையிலிருந்து தூக்கி வந்தார்கள்.

கையால் இறால் தடவிப் பிடிக்கிற பெண்கள். அவர்களுக்கு வலை இல்லை, பாடு இல்லை, குலுக்கலில் சீட்டும் இல்லை. வலை விழாத இடமாகப் பார்த்து இறங்குவார்கள். நல்ல பாடு ஒன்று ஒரு நாள் சும்மா கிடந்தால் அவர்களுக்கு அது விருந்து. சுவரில் ஒட்டிய காகிதத்தை அவர்களுக்கு யாரும் படித்துக் காட்டுவதில்லை. தண்ணீர் கழுத்தளவு ஏறும்படி குனிந்து இரண்டு கையாலும் சேற்றைத் தடவ வேண்டும் என்பதால் ஓலைக்கூடையைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். வாய் மூடாது. தண்ணீர் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

இரண்டு பேர் வாந்தி எடுத்துப் பிழைத்தார்கள். திரௌபதி பொன்னேரிக்குக் கொண்டுபோகும் வழியில் வலிப்பு வந்து இறந்தாள்.

திரௌபதியை எனக்குத் தெரியும். தினமும் நிலையத்து வழியாகத்தான் போவாள். ஜன்னலில் எட்டிப் பார்ப்பாள். "இன்னாம்மா, வாயே தொறக்க மாட்டியா? நானாச்சும் கூடயக் கவ்விக்கினு கீறேன், பேச முடியாது. ஒனுக்கு இன்னா கேடு?" என்பாள். நான் சிரிப்பேன். அவளும் சிரித்துவிட்டுப் போவாள்.

ஒரு விஷயத்தை நான் யோசிக்காமல் விட்டேன், அதை ஒப்புக்கொள்கிறேன். மருந்து இறாலைக் கொல்லும், ஆக்சிஜனைக் குறைக்காது. ஆபிரகாம் அன்று காலை வழக்கம்போல நண்டோடையில் பாட்டில் நிரப்பி அளந்தார். ஐந்து புள்ளி எட்டு. நான் கையால் போட்ட அதே எண். ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஆபிரகாம் கோபால் சாரிடம், "சார், மூச்சு வுடக் காத்து கீது, ஆனா அல்லாம் செத்துக் கெடக்குது. எவனோ எதியோ கலந்துட்டான் சார்" என்றார்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். மருந்து கலந்திருக்கிறது. கம்ப்யூட்டர் சொன்ன காரணம் பொய். அப்படியானால் இறால் சாகும் என்று முன்கூட்டியே தெரிந்து தன் நாளை விட்டுக் கொடுத்தவன் யார்? தருமலிங்கம். "மிஷின் சொல்லிச்சு, அந்தப் பாப்பா தலையாட்டிச்சு" என்று அவர் சொன்னதை நீங்கள் எழுதிக்கொண்டு, அடித்தீர்கள் என்று கேள்வி. என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கப்படும் பெண் என்று அனுப்பிவிட்டீர்கள்.

அவரைப் பதினோரு நாளாக வைத்திருக்கிறீர்கள். அவர் மனைவி தூக்குவாளியோடு ஸ்டேஷன் மரத்தடியில் உட்கார்ந்திருப்பதைத் தினமும் பஸ்ஸிலிருந்து பார்க்கிறேன். வருத்தமாகத்தான் இருக்கிறது.

முழுவதும் எழுது என்று சொன்னதால் இதையும் எழுதுகிறேன். பதினெட்டாம் தேதி காலை ஆறரைக்கு நான் மதகுக் கரையில் நின்றுகொண்டிருந்தேன். முடிவைப் பார்க்காமல் ஒரு சோதனை முழுமை ஆகாது. திரௌபதியும் மற்ற இருவரும் வந்தார்கள். அவள் என்னைப் பார்த்ததும் கூடையை வாயிலிருந்து எடுத்தாள்.

"இன்னிக்கு இங்க வல கெடயாதாமே. நம்ம ராஜ்ஜியம். வரியா, எறங்கு, ஒனுக்கும் ஒரு கூட தரேன்."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை போதும். வாயைத் திறக்கவும் செய்தேன். ஆனால் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொல்லப் பயாஸிலிருந்து தொடங்க வேண்டும். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள், சிரித்தாள், கூடையைக் கவ்விக்கொண்டு இறங்கினாள். இறால் அன்றைக்கு ஓடவில்லை, கைக்குச் சும்மா வந்தது. அதனால்தான் மற்றவர்களைவிட அவள் அதிக நேரம் தண்ணீரில் இருந்தாள். ஏழரைக்கு நான் ஆபீசுக்குப் புறப்பட்டேன். எனக்கு எட்டு மணிக்கு வேலை.

நேற்றுக் காலை கோபால் சார் மரப்பெட்டி ஒன்று வரவழைத்தார். உள்ளே வைக்கோல். கம்ப்யூட்டர் தவறான முடிவுகளைத் தருவதாக அறிக்கை எழுதிவிட்டாராம், அடுத்த வாரம் சென்னைக்குத் திருப்பி அனுப்புகிறாராம். ஆபிரகாம் விசிறியை அதற்குள் கோபால் சார் அறைக்குக் கொண்டுபோய்விட்டார். நான் மாலை வரை காத்திருந்துவிட்டு, நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு நடந்து வந்தேன்.

தருமலிங்கத்தை விட்டுவிடலாம். என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள். ஆனால் மேலிடத்துக்கு எழுதும்போது கம்ப்யூட்டர் தவறு செய்தது என்று மட்டும் எழுத வேண்டாம். பதினெட்டாம் தேதி நண்டோடையில் சாவு விழும் என்று அது சொன்னது. விழுந்தது.